சிலிண்டருக்கு ஜுரம்

அத்தியாயம் ஆறு

“அவனை உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க. வாசப்படியில உக்காந்து வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்சி கொடுக்க வேண்டாம்.”

சொன்னவள் நாற்காலியில் இருந்தாள். சொல்லப்பட்டவன் நாலடி தள்ளி, விரியத் திறந்து கிடந்த கதவுக்கு வெளியே, படியில் இருந்தான். இருவரும் அக்கா தம்பி. இடையில் நின்றவன் வாலு. தபால் இலாகா தன்னை இன்னும் வேலைக்கு எடுக்காதது நாட்டுக்குத்தான் நஷ்டம் என்று அவனுக்குத் தோன்றியது.

“உங்க அக்கா உள்ள வந்து உக்காரச் சொல்றாங்க” என்று வாசலைப் பார்த்து அறிவித்தான்.

“இங்கேயே இருக்கேன்னு சொல்லுங்க.”

“அங்கேயே இருக்காராம்.”

“காதுல விழுந்துச்சு” என்றாள் அவள், மேஜையைப் பார்த்தபடி.

மேஜைக்கு அந்தப் பக்கம் சித்தி இருந்தாள். காப்பீட்டுக் கம்பெனியில் பொய்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் சேர்ந்து, ஒருநாள் தவறிப்போய் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதால் வெளியே அனுப்பப்பட்டவள். அதன்பிறகு சொந்தமாகத் துப்பறிகிறாள். வாலு அவளுடைய அக்கா மகன். சின்ன வயதில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே அலைந்ததால் வந்த பெயர் அது. இப்போது அதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறான். வேதியியல் படித்தவன். அவன் பட்டம் பெற்றானா என்று யாராவது கேட்டால், பட்டம் தன்னைப் பெறுவதற்குக் கொஞ்சம் தயங்குகிறது என்பான்.

“முதல்லேருந்து சொல்லும்மா” என்றாள் சித்தி.

அவள் சொன்னாள். அழவில்லை. அழுது முடித்தவர்களின் குரல் ஒன்று உண்டு. தண்ணீர் வற்றிய குழாயில் வரும் காற்றைப் போல. அந்தக் குரல்.

அவள் கணவன் டைவர். முழுகிப்போன கப்பல்களுக்கு இறங்கி, அவற்றை அறுத்து, இரும்பாக மேலே அனுப்புகிற வேலை. அவசரம் என்றால் என்னவென்றே தெரியாதவன். செருப்பு வாரைக்கூட இரண்டு தரம் சரிபார்க்கிறவன். அதனால் துறைமுகம் அவனுக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தது. அந்த ஆமை போன வாரம் கப்பலின் தளத்தில் கால் வைத்த சற்று நேரத்தில் வலிப்பு வந்து, வாயில் கவ்வியிருந்த குழாய் நழுவி, அங்கேயே முடிந்துபோனான். கூட இறங்கிய கூட்டாளி மேலே கொண்டுவந்தது உடம்பை மட்டும்.

சிலிண்டரில் மிச்சமிருந்த காற்றைப் போலீஸ் அளந்தது. ஆக்ஸிஜன் முப்பது சதவீதம். சிலிண்டரின் கழுத்தில் ஒட்டியிருந்த டேப்பில், ஆமை தன் கையாலேயே அளந்து எழுதியிருந்தது: பதினெட்டு.

“முப்பதுன்னா நல்லதுதானே? ஆக்ஸிஜன் கூட இருந்தா தெம்புதானே வரும்?” என்றாள் சித்தி.

“மேல இருக்குற வரைக்கும் தெம்பு சித்தி. கீழ போகப் போகத் தண்ணி அமுக்குற அமுக்கல்ல அதுவே விஷம்” என்றான் வாலு. “அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு சொல்லி வெச்சாங்களே, அவங்க கண்டிப்பா ஆழத்துல டைவ் அடிச்சிருக்காங்க. அதனாலதான் ஆக்ஸிஜனைக் குறைச்சு, அந்த இடத்துல ஹீலியம் கலந்து அடைப்பாங்க. பலூன்ல அடைக்கிறது.”

“கலந்து அடைச்சது யாரு?”

 பதில் வாசற்படியிலிருந்து வந்தது.

“நான்.”

அந்தத் தம்பிக்கும் துறைமுகம் ஒரு பெயர் வைத்திருந்தது: காத்து. காற்றடைக்கும் கடையில் வேலை. குடியிருப்பதும் அந்தக் கடையின் மாடியில்.

“நான்தான் கொன்னேன்” என்றான் காத்து, தெருவைப் பார்த்துக்கொண்டு. “இன்னிக்கு மூணு மணிக்குத் துறைமுக ஆபீஸ்ல விசாரணை. அங்கேயும் அதைத்தான் சொல்லப்போறேன்.”

“கேட்டுக்கிட்டீங்களா மேடம்?” என்றாள் அக்கா. “அங்க கடை முதலாளி வேற ஒண்ணு சொல்றாரு. சிலிண்டர் நின்னதுல உள்ள இருந்த காத்து தானா மேலயும் கீழயுமா பிரிஞ்சிடுச்சாம். யார் மேலயும் தப்பு இல்லையாம். அவன் செஞ்சான்னா செஞ்சான்னு சொல்லிடுங்க. இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்க. புருஷனைப் பறிகொடுத்தாச்சு. தம்பி இருக்கானா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டா, நான் மிச்சத்தைப் பார்த்துப்பேன்.”

கணவன் செத்த நாளிலிருந்து அவள் தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

சித்தி கண்ணாடியைக் கழற்றினாள். “அன்னிக்குக் காலையில வீட்டுல என்ன நடந்துச்சு? பெரிய விஷயம் எதுவும் வேண்டாம். ஒண்ணுமில்லாத விஷயமா சொல்லு.”

“என்ன நடக்கும்? விடியறதுக்கு முன்னாடியே கடைக்குப் போயி சிலிண்டரை எடுத்துட்டு வந்தாரு. வண்டியில நிமிர்த்தி வெச்சுக் கட்டியிருந்தாரு. சாப்பாட்டை எடுத்துக்க உள்ள வந்தாரு. அதுக்குள்ள பாப்பா வண்டியில ஏறி அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னா. கன்னத்தை வெச்சுப் பார்த்துட்டு, ‘அப்பா, இதுக்கு ஜுரம்ப்பா’ன்னா.”

“அவர் என்ன சொன்னாரு?”

“எதுக்கும் சிரிக்கிறவரு. அன்னிக்குச் சிரிக்கல. ‘இறங்கு, நேரமாச்சு’ன்னாரு. அவர் வாயில அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்ல.”

சித்தி வாசலைப் பார்த்தாள். “தம்பி, நீ எப்ப அடைச்சே?”

“முதல் நாள் சாயங்காலம். அடைச்சு, நல்லாக் கலக்கப் படுக்கப் போட்டு உருட்டி, நிமிர்த்தி வெச்சேன்.”

“ராத்திரி பூரா சும்மா நின்ன இரும்பு விடியக்காலையில எப்படி இருக்கும்?”

“ஜில்லுன்னு.” சொல்லிவிட்டுத்தான் காத்து முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தான்.

“வெயில்?” என்றாள் சித்தி.

“சூரியனே அன்னிக்கு வேலைக்கு வந்திருக்காது சித்தி, அந்த நேரத்துக்கு” என்றான் வாலு. “சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்பு சுடும். சிலிண்டரும் அப்படித்தான். ஜுரம் இருந்துச்சுன்னா, ஊசி அப்பதான் போட்டிருக்காங்க.”

“யாரு?”

 சித்தி கார் சாவியை எடுத்தாள்.

*

காரின் பின்சீட்டில் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்; அங்கே பெருமூச்சுகள் உட்கார்ந்திருந்தன.

“கடைச் சாவி யார்யாருகிட்ட இருக்கு?” என்றாள் சித்தி, ஸ்டியரிங்கைத் திருப்பியபடி.

“என்கிட்ட ஒண்ணு. முதலாளிகிட்ட ஒண்ணு” என்றான் காத்து.

“அன்னிக்குக் காலையில நீ எங்க இருந்தே?”

“மாடியில. படுத்திருந்தேன்.”

வாலு குரலைத் தாழ்த்தினான். “சித்தி, ரெண்டு சாவி. ஒருத்தர் படுத்திருந்தார். மிச்சம் எத்தனை பேர்னு கணக்குப் போட, எனக்கு அரியர் வெச்ச பாடம்கூடத் தேவையில்ல.”

“அவசரப்படாதே. அவர் ஏன் செய்யணும்?”

“ஏன்கிறது உங்க இலாகா. யாருங்கிறது மட்டும்தான் என் இலாகா.”

“உன் இலாகாவை மூடி வெச்சுட்டு வர்றியா? பின்னாடி இருக்காங்க.”

வாலு மூடினான். ஒரு சிக்னல் வரைக்கும்.

*

காற்றடைக்கும் கடை ஒரு நீளமான கொட்டகை. சுவரோரம் சிலிண்டர்கள், பள்ளிக்கூட வரிசையைப் போல உயரப்படி நின்றன. மூலையில் கம்ப்ரஸர். சிமெண்டுத் தரையில் வழவழவென்று ஒரு தடம், கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, வருஷக்கணக்காகச் சிலிண்டர் உருண்டு உருண்டு தேய்ந்த தடம். தலைக்குமேல் பலகை போட்ட மாடி. ‘புகை பிடிக்கக் கூடாது’ என்ற பலகைக்கு நேர் கீழே, பற்றவைக்காத சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு முதலாளி உட்கார்ந்திருந்தார். அதைப் பற்றவைத்தால் அவரும் பலகையும் ஒன்றாகத்தான் போக வேண்டியிருக்கும். சட்டத்தை மதிப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

காத்து யாரையும் பார்க்காமல் படியேறி மாடிக்குப் போனான். அவன் அக்கா காரிலேயே இருந்துவிட்டாள்.

“மூணு மணிக்குச் சொல்லப்போறதை எங்களுக்கு இப்பவே சொல்லுங்க” என்றாள் சித்தி.

“அதுல என்ன ரகசியம் இருக்கும்மா? ஆக்ஸிஜன் கனம். ஹீலியம் லேசு. சிலிண்டர் ராத்திரி பூரா நின்னுச்சு. கனமானது அடியில போய் உக்காந்துடுச்சு. ஆமை மேல இருக்குறதை அளந்தான், பதினெட்டு. அடியில கிடந்ததைச் சுவாசிச்சான், போயிட்டான். விதி.”

“எண்ணெயும் தண்ணியும் மாதிரி” என்றான் வாலு.

“அதேதான் தம்பி.”

“பாலும் தண்ணியும் மாதிரி இல்லையா?”

முதலாளி சிகரெட்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

“இல்ல, எனக்கு ஒரு சின்ன பயம்” என்றான் வாலு. “இந்தக் கொட்டகையிலயும் காத்து சும்மாதான் நிக்குது. கனமான ஆக்ஸிஜன் எல்லாம் இந்நேரம் தரையில போய்ப் படுத்திருக்கணும். நாமெல்லாம் குப்புறப் படுத்துல்ல மூச்சு வாங்கணும்? உயரமானவங்க வம்சமே அழிஞ்சிருக்குமே.”

“சிலிண்டர் வேற, கொட்டகை வேற.”

“அப்போ சிலிண்டரையே கேட்டுடலாம்” என்றாள் சித்தி. “ஆமைகூட இறங்கின கூட்டாளியோட சிலிண்டர் எங்க?”

அது மூலையில் தனியாக நின்றது. அதே சாயங்காலம், அதே கை, அதே கலவை. கடலுக்குப் போய் வந்ததிலிருந்து யாரும் தொடவில்லை. செத்த வீட்டுக்கு வந்த தூரத்து உறவினனைப் போல, எதற்காக நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றது.

வாலு மேஜையிலிருந்த ஆக்ஸிஜன் மீட்டரை எடுத்துச் சிலிண்டரின் வாயில் வைத்துத் திருகியைத் தொட்டான். மெல்லிய சீறல். மீட்டர் பதினேழு என்றது. பிறகு திருகியை நன்றாகத் திறந்துவிட்டான். கொட்டகை முழுக்க ஒரு கோபக்காரப் பாம்பு நிரம்பியது. அடங்கி அடங்கி, அடிமட்டக் காற்று மட்டும் மிஞ்சும் வரைக்கும் மூவரும் பொறுத்திருந்தார்கள். மறுபடி அளந்தான்.

பதினேழு.

“மேலயும் பதினேழு, அடியிலயும் பதினேழு” என்றான் வாலு. “ராத்திரி நிக்கல, ஒரு வாரமா நிக்குது. ஒண்ணும் உக்காரல.”

சித்தி முதலாளியின் எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“இந்தத் துறைமுகத்துல பாதிப்பேருக்குக் காத்து கலக்கக் கத்துக்கொடுத்தது நீங்க. ஒருதரம் நல்லாக் கலந்துட்டா அப்புறம் பிரியாதுங்கிறது, இந்தத் தொழில்ல முதல் நாள் பாடம். அது தெரியாம ஒருத்தர் சொல்லியிருந்தா பாவம், தெரியாதுன்னு விட்டிருப்பேன். நீங்க சொன்னதாலதான் இங்க வந்தேன். அன்னிக்கு விடியக்காலையில அந்தச் சிலிண்டருக்கு யாரோ மறுபடி காத்து ஏத்தியிருக்காங்க. சாவி ரெண்டே ரெண்டு. இப்போ சொல்லுங்க.”

வாலு நழுவிப்போய் வாசலில் நின்றுகொண்டான். முதலாளியைத் தடுத்து நிறுத்த அவன் உடம்பு போதாது. ஆனால் ஓடுகிறவர் தடுக்கி விழுவதற்குப் போதும்.

முதலாளி ஓடவில்லை. சிகரெட்டை எடுத்து, பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்தார்.

“சாவி அன்னிக்கு என்கிட்ட இல்லம்மா.”

“யாருகிட்ட இருந்துச்சு?”

“ஆமைகிட்ட.”

கம்ப்ரஸரில் எங்கோ ஒரு சொட்டு எண்ணெய் விழுகிற சத்தம் கேட்டது.

“எப்பவும் அவன்தான் வாங்கிட்டுப் போவான்” என்றார் முதலாளி. “மச்சினன் அடைச்சு வெச்சதை, விடியறதுக்குள்ள வந்து அளப்பான். ஒண்ணு கூடக்குறைய இருந்தாப் போதும், தானே சரிபண்ணிட்டு எடுத்துட்டுப் போவான். வேற யார் கையா இருந்தாலும் பதினெட்டுக்குப் பதினேழை ஒத்துக்குவான். ஒண்ணும் ஆகாது, கூட்டாளி அதைச் சுவாசிச்சுட்டுத்தானே திரும்பி வந்தான்? ஆனா இது மச்சினன் கை. சின்னப்பையனா பார்த்தது. நம்பிக்கை வரலை.”

“அப்போ இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே? காத்து மேல ஏன் பழியைப் போட்டீங்க? நான் பையனைச் சொல்லல, நிஜக் காத்தை” என்றான் வாலு.

“என்னன்னு தம்பி சொல்றது? செத்தவன் தப்புன்னு சொன்னா, அந்தப் பொண்ணு ஆயுசுக்கும் அவனைத் திட்டும். இருக்கறவன் தப்புன்னு சொன்னா, அவன் செத்துடுவான். காத்துக்கு மானம் கிடையாது, மரியாதை கிடையாது. அது மேல போட்டேன்.”

சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். “பதினேழைப் பதினெட்டாக்கப் போனவர் எப்படி முப்பதாக்கினார்? செருப்பு வாரை ரெண்டு தரம் பார்க்கிற ஆளு?”

வாலு ஒரு காலிச் சிலிண்டரின் முன்னால் குந்தினான். அவன் முகம் பரீட்சை ஹாலில் இருப்பது போலாகிவிட்டது. ஆனால் இந்தத் தடவை பக்கத்துப் பையனைப் பார்க்கவில்லை.

“சித்தி, கொஞ்சம் காத்தை வெளிய விட்டுட்டு, ஆக்ஸிஜன் ஏத்துறார். வேகமா ஏத்தினா தீப்பிடிக்கும், அதனால மெதுவா. உள்ள இருக்குறது ஹீலியம் கலந்த லேசான காத்து. மெதுவா வர்ற ஆக்ஸிஜன் அதைக் கலக்காம, பக்கவாட்டுல வழிஞ்சு அடியில போய்த் தேங்குது. சிலிண்டர் வாயில மீட்டரை வைக்கிறார். பதினேழு. என்னடா இது, ஏறவே இல்லையேன்னு இன்னும் கொஞ்சம் ஏத்துறார். அப்பவும் பதினேழு. இன்னும் கொஞ்சம். அதுலயே நேரமாயிடுச்சு. கடைசியில மேல இருக்குறது பதினெட்டைக் காட்டும்போது, அடியில எக்கச்சக்கமா கிடக்குது. டேப்புல பதினெட்டுன்னு எழுதிட்டார். வண்டியில, படகுல குலுங்கி, மொத்தமும் ஒண்ணாக் கலந்து முப்பது ஆயிடுச்சு.”

“கலந்தது பிரியாது. ஆனா...” என்றாள் சித்தி.

“கலக்குறதுக்கு முன்னாடி அளந்தா மீட்டர் புளுகும். உருட்டிட்டுத்தான் அளக்கணும். அவர் உருட்டல.”

“அவனா? உருட்டலையா?” முதலாளி எழுந்தே விட்டார். “தம்பி, ஆமை உருட்டாம அளந்ததே கிடையாது.”

“அதான் சார் வினையே. வாழ்க்கையில ஒருதரமாவது உருட்டாம அளந்திருந்தா, மீட்டர் எவ்வளவு பெரிய புளுகு புளுகும்னு தெரிஞ்சிருக்கும். தப்பே பண்ணாத ஆளு. தப்பு அவருக்கு அறிமுகமே ஆகல.”

“எப்பவும் செய்யறதை அன்னிக்கு மட்டும் ஏன் செய்யல?” என்றாள் சித்தி.

தெரியவில்லை என்று சொல்வதற்குப் பதிலாக வாலு அந்தச் சிலிண்டரைப் படுக்கப்போட்டு, தேய்ந்த தடத்தில் காலால் ஒரு தள்ளு தள்ளினான்.

கடகடகடவென்று இடி உருண்டது. சுவரோரம் நின்ற சிலிண்டர்கள் ஒன்றையொன்று இடித்து முணுமுணுத்தன. மாடிப் பலகை அதிர்ந்து, இடுக்கிலிருந்து தூசி கொட்டியது. சிலிண்டர் கோடிச் சுவரில் மோதி நிற்பதற்குள், மேலே தடதடவென்று காலடி.

காத்து பாதிப் படியில் நின்றான். மூச்சு வாங்கியது.

“யாரு உருட்டுனது?”

சித்தி அவனைப் பார்க்கவில்லை. மேலே பலகையைப் பார்த்தாள். சிலிண்டர் உருண்ட தடம் அவன் படுக்கைக்கு நேர் கீழே.

“சத்தம்” என்றான் வாலு மெதுவாக. “சத்தம் கேக்கக்கூடாதுன்னு.”

வாசலில் நிழல் விழுந்தது. காரிலிருந்து அவளும் அந்த இடியைக் கேட்டு இறங்கி வந்திருந்தாள். முதலாளி அவசரமாக முக்காலியை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை.

வாலு சித்தியின் காதருகே குனிந்தான். “சித்தி, எதைச் சொல்றது? அவர் இவனை நம்பினார், இவன் கொன்னுட்டான்னு சொன்னா ஒரு மாதிரி சாவான். இவன் கொல்லல, ஆனா அவர் இவனை நம்பவே இல்லன்னு சொன்னா இன்னொரு மாதிரி சாவான்.”

“நடந்ததைச் சொல்றது” என்றாள் சித்தி. “இந்தக் குடும்பத்துல இதுவரைக்கும் அது ஒண்ணுதான் யாரும் செஞ்சு பார்க்கல.”

சொன்னாள். ஒளிக்காமல், அடுக்காமல், கூட்டிச் சொல்லாமல். ஜுரம் அடித்த சிலிண்டரிலிருந்து பதினேழு வரைக்கும். காத்து படியின் கைப்பிடியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்தபோது அவன் முகத்தில் விடுதலை எதுவும் வரவில்லை. யாரோ பையிலிருந்து எதையோ உருவிக்கொண்டதைப் போலத் தடுமாறினான்.

“அப்போ... என் காத்து இல்லையா அது?”

“உன் காத்து கூட்டாளி முதுகுல போயிட்டுப் பத்திரமா திரும்பி வந்துச்சு” என்றான் வாலு.

“எனக்கு எப்பவும் தெரியும்” என்றான் காத்து. யாரிடம் என்று இல்லாமல் சொன்னான். “அத்தான் விடியக்காலையில வர்றது. காத்தை இறக்குறது, ஏத்துறது. அப்புறம் உருட்டுவாரு. ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தத்துல முழிச்சுப்பேன். எந்திரிச்சா அவருக்குச் சங்கடமா இருக்கும்னு, தூங்குற மாதிரியே படுத்திருப்பேன். அன்னிக்கும் முழிச்சுதான் இருந்தேன். கொஞ்சம் சீறல் கேட்டுச்சு. சரி, அளக்குறாருன்னு நினைச்சேன். அடுத்து உருட்டுவாருன்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கிடந்தேன். உருட்டல. கதவைச் சாத்திட்டுப் போயிட்டாரு.”

கீழே தேய்ந்த தடத்தைப் பார்த்தான்.

“முதல் தடவையா என் காத்தை அப்படியே எடுத்துட்டுப் போறாருன்னு நினைச்சேன். சந்தோஷத்துல தூக்கமே வரல. எந்திரிச்சு டீ போட்டுக் குடிச்சேன்.”



“மேடம்” என்றாள் ஆமையின் மனைவி. அவள் பார்வை சிமெண்டுத் தடத்தில் இருந்தது. “இவன் அதுக்கு முந்தின வாரம் எங்க வீட்டுக்கு வந்து அழுதான். அத்தான் என் கையை நம்பமாட்டேங்கிறாருன்னு. சாப்பிடாமப் போயிட்டான். ராத்திரி அவர்கிட்ட நான் சண்டை போட்டேன். நம்புனா நம்புங்க; நம்பலைன்னா அவனுக்குத் தெரியாமச் செய்ங்க, சத்தம் போட்டுக்கிட்டு ஊரையே எழுப்பாதீங்கன்னு. நான்தான் சொன்னேன். அவர் என் பேச்சை எப்ப மீறியிருக்காரு?”

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாலு தன் செருப்பைப் பார்த்தான். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை; ஆனாலும் பார்த்தான்.

“அப்போ அன்னிக்கும் நம்பல” என்றான் காத்து.

  சித்தி துப்பறிந்து முடித்துவிட்டாள். அதற்கு மேல் இருப்பது அவள் தொழில் அல்ல.

ஆமையின் மனைவி நடந்துபோய்ப் படியின் அடியில் நின்றாள். தலையை நிமிர்த்தி, அவனை நேராகப் பார்த்தாள்.

“நம்பலடா” என்றாள். “உன்னைத் தூக்கி வளர்த்தாரு. அவருக்கு நீ பெரியவனாகவே இல்ல. நம்பல.”

 காத்து கைப்பிடியை விட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தான். அவள் அவனைத் தொடவில்லை. ஆனால் அங்கிருந்து நகரவும் இல்லை.

“மூணு மணிக்கு அங்க போய் நான்தான் கொன்னேன்னு உளறி வைக்காதே” என்றாள். “நீ கேட்டதை நீ சொல்லு. நான் சொன்னதை நான் சொல்றேன். பாப்பா பெரியவளாகிக் கேட்டாலும் அதையேதான் சொல்லணும், ரெண்டு பேரும்.” முதலாளி பக்கம் திரும்பாமலே தொடர்ந்தாள். “அண்ணே, நீங்களும்தான். நின்னுச்சு, உக்காந்துச்சுன்னு சொல்லாதீங்க.”

“சரிம்மா” என்றார் முதலாளி.

வாலு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அதை யாரும் பார்க்காதபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“எந்திரி” என்றாள் அக்கா தம்பியிடம். “மூஞ்சியைக் கழுவிட்டு வேற சட்டை போட்டுக்கிட்டு வா. பெரிய மனுஷங்க உக்காந்திருப்பாங்க.”

“எதைப் போடுறது?”

“ஏதோ ஒண்ணு. துவைச்சதா போடு.”

அவன் எழுந்து மாடிக்குப் போனான். தலைக்குமேல் பலகை ஒவ்வொன்றாக முனகியது. பெட்டி திறந்தது. எதையோ தேடுகிற சத்தம் கேட்டது.  பிறகு அவன் வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்டது. கீழே இருப்பவர்களுக்குக் கேட்குமே என்று அவன் அடக்கிக்கொள்ளவில்லை. அவளும் கேட்காத மாதிரி நிற்கவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, படியில் கால் வைத்தாள்.